குழந்தையின் கலத்தில் குறைவது எது?

சேலத்திலிருந்து தெற்கே புறப்பட்டு, ராசிபுரம் வழியாக நாமக்கல் சென்று, அங்கிருந்து மோகனூரில் காவிரிக் கரையை அடைகிற ஒருவர், ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் தூரத்துக்குள் தமிழ்நாட்டு உணவுகள் பலவற்றை நிலத்திலேயே கண்டுவிடலாம். மானாவாரிக் காடுகளில் சோளமும் கம்பும் நிலக்கடலையும் விளைகின்றன. கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் கேழ்வரகும் மரவள்ளியும் நிற்கின்றன. ஆற்றோரத்தில் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடியும் பசுமை பரப்புகின்றன. வழியில் ஜவ்வரிசி ஆலைகளின் களங்களில் வெண்ணிற மணிகள் வெயிலில் காய்கின்றன. நாமக்கல்லை நெருங்கினால் கோழிப் பண்ணைகளின் நீண்ட கொட்டகைகள் தென்படுகின்றன.

இத்தனை உணவு விளையும் பூமியில், ஒரு குழந்தை மெலிந்து நிற்பானேன்? அதன் கலத்தில் குறைவது எது? இக்கேள்வி எளிதாகத் தோன்றலாம். ஆனால் உலகத்துப் பெரிய விஞ்ஞானிகள் பலர் இதற்குத் தவறான விடை சொன்ன காலம் ஒன்று உண்டு. அந்த விடையை மறுத்து, நிறையும் அளவும் கொண்டு உண்மையை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர், இந்தச் சேலத்தில் பிறந்த ஒரு மருத்துவர். அவர்தான் டாக்டர் சி. கோபாலன். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றியே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

கோபாலன் 1918-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29-ஆம் நாள் பிறந்தார். அதே 1918-ஆம் ஆண்டில்தான் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். தீட்டிய அரிசியை மட்டும் நம்பி உண்பவர்களுக்குக் கால் மரத்து, நரம்பு தளர்ந்து, இதயம் சோர்ந்து போகும் நோய் அது. அந்த ஓர் அறை ஆராய்ச்சியே பின்னர் வளர்ந்து உணவுச் சத்து ஆராய்ச்சி நிலையம் ஆயிற்று. 1958-இல் அந்நிலையம் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 முதல் தேசிய உணவூட்ட நிலையம் என்று பெயர் பெற்றது. சென்னையில் மருத்துவம் பயின்று, லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற கோபாலன் அந்த நிலையத்தில் சேர்ந்து, பிறகு அதன் தலைவராகவே உயர்ந்தார். 1974 வரை அப்பொறுப்பில் இருந்தார். அதன் பின் 1979 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார்.

அவர் மேற்கொண்ட ஆராய்ச்சிகள் பல. அவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்வோம். முதலாவது, நம் காட்டில் விளையும் சோளத்தைப் பற்றியது.

ஹைதராபாத்தைச் சூழ்ந்த தக்காணப் பகுதிகளில் ஏழை மக்களின் முக்கிய உணவு சோளமாக இருந்தது. அவர்களில் சிலருக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. வெயில் படும் இடங்களில், அதாவது கைகளின் மேற்புறத்திலும் பாதங்களிலும் கழுத்தைச் சுற்றியும், தோல் கறுத்துத் தடித்துச் செதில் செதிலாக உரியும். வயிற்றுப்போக்கு உண்டாகும். நோய் முற்றினால் அறிவும் கலங்கும். இதற்குப் பெல்லாக்ரா என்று பெயர். ஸ்பெயின் தேசத்து மருத்துவர் காசல் 1735-ஆம் ஆண்டிலேயே இதை மக்காச்சோளம் உண்ணும் ஏழைகளிடம் கண்டிருந்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1914 முதல் இதை ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பெர்கர், இது தொற்றுநோய் அன்று, உணவுக் குறையால் வருவதே என்று நிறுவினார். 1937-இல் நிகோடினிக் அமிலம் என்னும் வைட்டமினே இதைத் தீர்க்கும் பொருள் என்பது தெரிந்தது.

மக்காச்சோளத்தில் அந்த வைட்டமின் உடலுக்கு எளிதில் கிட்டாத நிலையில் இருக்கிறது. அதை உடல் தானே ஆக்கிக்கொள்ள உதவும் டிரிப்டோபன் என்னும் புரதக் கூறும் அதில் குறைவு. ஆகவே மக்காச்சோளம் உண்பவர்க்கு நோய் வருவதன் காரணம் விளங்கிற்று. ஆனால் நம் சோளத்தில் டிரிப்டோபன் அவ்வளவு குறைவாக இல்லையே! பின் ஏன் சோளம் உண்பவர்க்கும் அதே நோய் வருகிறது?

கோபாலனும் அவருடன் பணியாற்றிய ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார்கள். மக்காச்சோளம், சோளம் இரண்டிலும் லூசின் என்னும் புரதக் கூறு மிகுதியாக இருக்கிறது. அந்த மிகுதியே உடல் நிகோடினிக் அமிலத்தை ஆக்கிப் பயன்படுத்தும் வழியில் குறுக்கிடுகிறது என்றார்கள். அதுவரை சத்துக்குறை நோய் என்றாலே ‘ஒன்று இல்லை’ என்பதே பொருளாக இருந்தது. இவர்களோ, ‘ஒன்று மிகுந்திருப்பதாலும் மற்றொன்று குறைபட்டதாகலாம்’ என்று சொன்னார்கள். உணவில் உள்ள பொருள்களைத் தனித்தனியே எண்ணினால் போதாது. அவை ஒன்றோடொன்று கொண்டுள்ள விகிதத்தையும் பார்க்க வேண்டும் என்ற பாடம் இதில் உண்டு.

இக்கருத்தைப் பிற ஆய்வுக்கூடங்களும் சோதித்துப் பார்த்தன. எல்லா இடத்திலும் ஒரே விடை கிடைக்கவில்லை. ஆகவே லூசின் ஒன்றே காரணம் என்று இன்று எவரும் உறுதியாகச் சொல்வதில்லை. விஞ்ஞானத்தில் இது இயல்பு. ஒருவர் சொன்னதைப் பிறர் உரசிப் பார்ப்பதே அதன் நடைமுறை. சோளத்தைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதும் இல்லை. பருப்பும் மோரும் கீரையும் கலந்து உண்பவர்க்குச் சோளம் நல்ல உணவே. வேறெதுவும் வாங்க வகையின்றி அதை மட்டுமே உண்டு வாழ நேர்ந்தவர்களையே அந்த நோய் பிடித்தது. மக்களின் உணவு பலவிதமாகக் கலந்தபின் தக்காணத்திலும் அது பெரும்பாலும் அருகிவிட்டது.

இனி, குழந்தையின் கலத்துக்கு வருவோம்.

நம் வீடுகளில் ‘சவலைப் பிள்ளை’ என்று சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அடுத்த குழந்தை வயிற்றில் உண்டானதும் தாய்ப்பால் நின்று, ஏக்கத்தாலும் பசியாலும் வாடும் பிள்ளையே சவலை. ஆப்பிரிக்காவில், இன்று கானா எனப்படும் நாட்டில் பணியாற்றிய ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், இத்தகைய குழந்தைகளுக்கு வரும் ஒரு கொடிய நோயை 1933-இல் விவரித்தார். காலும் முகமும் வீங்கும். முடி நிறம் மாறி உதிரும். குழந்தை எதையும் விரும்பாது சோர்ந்து கிடக்கும். அவ்வூர் மக்கள் அதற்கு வழங்கிய குவாஷியோர்க்கர் என்ற பெயரையே அவரும் எடுத்தாண்டார். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்பதே அச்சொல்லின் பொருள். கடல் கடந்த அந்த நாட்டுச் சொல்லும் நம் சவலையும் ஒரே துயரத்தைக் குறிப்பது வியப்பன்றோ!

மற்றொரு நிலையும் உண்டு. அதில் வீக்கம் இராது. குழந்தை எலும்பும் தோலுமாக வற்றி, முகம் கிழடு தட்டிக் காணும். இதை மராஸ்மஸ் என்பார்கள். புரதம் குறைந்தால் வீங்கும் நோய். மொத்த உணவே குறைந்தால் வற்றும் நோய். இப்படித்தான் அக்காலத்து மருத்துவ நூல்கள் பிரித்துக் கூறின.

இந்தப் பிரிவிலிருந்து ஒரு பெரிய கொள்கை பிறந்தது. ஏழை நாட்டுக் குழந்தைகள் தானியத்தையே உண்கிறார்கள். பாலும் இறைச்சியும் அவர்களுக்குக் கிட்டுவதில்லை. ஆகவே அவர்களுக்குக் குறைவது புரதமே என்று உலக அறிஞர்கள் முடிவு கட்டினார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் ஆலோசனைக் குழு ஒன்று 1968-இல் புரத நெருக்கடி வரப்போகிறது என்றே எச்சரித்தது. மீனிலிருந்து புரதப் பொடி செய்வது, நுண்ணுயிர்களை வளர்த்து அவற்றிலிருந்து புரதம் எடுப்பது, தானியத்தோடு லைசின் என்னும் புரதக் கூறைச் சேர்ப்பது என்று பலவகை முயற்சிகள் நடந்தன. இவற்றுக்கெல்லாம் ஆலையும் யந்திரமும் பெரும் பணமும் வேண்டும். பொடியை விலை கொடுத்து வாங்கும் வசதி ஏழைத் தாய்க்கு இருந்ததா என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்களோ, அறியோம்.

கோபாலனும் அவருடைய நிலையத்தாரும் கிராமத்து வீடுகளுக்குச் சென்றார்கள். அங்கே குழந்தை உண்பதை அளந்து கணக்கிட்டார்கள். ஒரே சமூகத்தில், ஒரே விதமான உணவு உண்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களில் சிலருக்கு வீங்கும் நோயும் வேறு சிலருக்கு வற்றும் நோயும் வருவதைக் கண்டார்கள். இரு வகையினரின் உணவிலும் புரத விகிதத்தில் வேற்றுமை இல்லை. அப்படியானால் இரண்டும் இரு வேறு பஞ்சங்கள் அல்ல. பஞ்சம் ஒன்றே. அதைத் தாங்கித் தன்னைச் சுருக்கிக்கொண்ட உடல் வற்றுகிறது. அவ்வாறு ஈடுகொடுக்க முடியாது தோற்ற உடல் வீங்குகிறது. இந்தக் கருத்தைக் கோபாலன் 1968-இல் வெளியிட்டார்.

அந்தப் பஞ்சம் எதனால் ஆனது? உணவைக் கணக்கிட்டபோது விடை கிடைத்தது. தானியமும் சிறிது பருப்பும் உண்ட அந்தக் குழந்தைகளுக்குப் புரதம் பெரும்பாலும் போதுமான அளவுக்கு அருகிலேயே இருந்தது. ஆனால் உடலின் எரிபொருளான கலோரி நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 அளவு குறைந்தது. சுருங்கச் சொன்னால், குழந்தைக்கு உணவு தரத்தில் குறைந்ததைவிட அளவிலேயே பெரிதும் குறைந்தது. அரை வயிறு உண்ட பிள்ளைக்கு வேண்டியது மற்றுமோர் அரை வயிறு.

இதன் காரணத்தை ஓர் உவமையால் விளக்கலாம். ஒருவர் வீடு கட்டுவதற்காக மரம் வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் அடுப்பெரிக்க விறகில்லை. அப்போது என்ன செய்வார்? உத்திரத்துக்கு வைத்த மரத்தையே வெட்டி அடுப்பில் வைப்பார். உடலும் அவ்வாறே செய்கிறது. புரதம் தசையையும் குருதியையும் கட்டும் மரம். மாவுச்சத்தும் கொழுப்பும் விறகு. விறகு பற்றாத வேளையில் உண்ட புரதமும் எரிந்துபோகிறது. அந்த நிலையில் விலை உயர்ந்த புரதப் பொடியைக் கொடுத்தால் அதுவும் விறகாகவே முடியும். விறகைப் போதிய அளவு கொடுத்தாலோ, வீட்டுச் சோற்றில் உள்ள புரதமே குழந்தையை வளர்க்கும்.

உவமை உவமைதான்; சான்று ஆகாது. ஆகவே அவர்கள் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். ஹைதராபாத்துக்கு அருகில் உள்ள கிராமங்களில், ஒன்று முதல் ஐந்து வயது வரை உள்ள நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு, வீட்டு உணவுக்கு மேல் நாள்தோறும் ஓர் இனிப்புப் பண்டம் கொடுத்தார்கள். அதில் 23 கிராம் கோதுமை மாவு, 35 கிராம் சர்க்கரை, 10 கிராம் எண்ணெய் இருந்தன. அது தந்தது 310 கலோரி. அதில் இருந்த புரதமோ 3 கிராம்தான். பாலும் முட்டையும் புரதப் பொடியும் அதில் இல்லை. ஓராண்டுக்கு மேல் இது நடந்தது. முடிவில், வீட்டு உணவை மட்டும் உண்ட பிற குழந்தைகளைவிட இவர்கள் உயரத்திலும் எடையிலும் தெளிவாகக் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள். 1973-இல் இது அமெரிக்க ஆராய்ச்சி இதழொன்றில் வெளிவந்தது.

மாணவர்களே, இந்தப் பரிசோதனையின் நுட்பத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். புரதமும் கலோரியும் மிகுந்த பாலைக் கொடுத்திருந்தால் குழந்தைகள் வளர்ந்திருப்பார்கள். ஆனால் எதனால் வளர்ந்தார்கள் என்று சொல்ல முடிந்திராது. புரதத்தை ஏறக்குறைய நிறுத்தி, எரிபொருளை மட்டும் கூட்டியதனால்தான் விடை ஐயமின்றிக் கிடைத்தது. கேள்வியைச் சரியாகக் கேட்பது விடையில் பாதி.

1974-இல் டொனால்டு மக்லாரன் என்னும் மருத்துவர் ‘லான்செட்’ இதழில், புரதப் பஞ்சம் என்ற கொள்கை ஒரு பெருந்தோல்வி என்று வெளிப்படையாகவே எழுதினார். உலகத்தின் கருத்து மாறத் தொடங்கியது. நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, அங்கன்வாடிகளில் குழந்தைகளுக்கு அளிக்கப்பட்டது உள்ளூர்த் தானியமும் பருப்பும் கலந்த துணை உணவே.

இந்த முடிவை நம் சேலம், நாமக்கல் பகுதிக்குப் பொருத்திப் பார்க்கும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதை ஒரு சிறு கணக்கால் காட்டுகிறேன். 1971-இல் கோபாலனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் கேழ்வரகில் 328 கலோரியும் 7.3 கிராம் புரதமும் உண்டு. 100 கிராம் ஜவ்வரிசியில் 351 கலோரி உண்டு, புரதமோ 0.2 கிராம்தான்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குச் சற்று மேலும், 12 கிராம் அளவு புரதமும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 கலோரியையும் கேழ்வரகிலிருந்தே பெற்றால் ஏறக்குறைய 305 கிராம் வேண்டும். அதில் 22 கிராம் புரதம் இருக்கும். தானியப் புரதம் பால் புரதத்தைப் போல் முழுவதும் பயன்படுவதில்லை என்று ஒரு பங்கைக் கழித்தாலும் குழந்தைக்குப் பெரிய குறை நேராது. அதே 1,000 கலோரியை ஜவ்வரிசியிலிருந்து பெற்றாலோ, 285 கிராமில் கிடைக்கும் புரதம் அரை கிராமுக்குச் சற்று மேல்! வயிறு நிறையும்; விறகு எரியும்; ஆனால் கட்டுவதற்கு மரமே இராது.

ஆகவே, ‘கலோரி நிறைந்தால் புரதமும் நிறையும்’ என்பது தானியமும் பயறும் உண்ணும் வீட்டுக்கே பொருந்தும். கிழங்கு மாவை நம்பிய வீட்டுக்கு அது பொருந்தாது. இரண்டாவது உலகப் போரின்போது வெளிநாட்டுச் சவ்வரிசி வருவது நின்றதால், 1943 முதல் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் வளர்ந்தது. எத்தனையோ குடும்பங்களுக்கு அது வாழ்வளிக்கிறது. பாலும் பருப்பும் சேரும்போது ஜவ்வரிசி நல்ல எரிபொருளே. ஆனால் நோயுற்ற குழந்தைக்கும் பால் மறந்த குழந்தைக்கும் நாள் முழுதும் ஜவ்வரிசிக் கஞ்சியையே கொடுத்து, அது வெண்மையாக இருப்பதால் பாலுக்கு நிகர் என்று எண்ணிவிடக் கூடாது. பண்டம் விற்கும் ஊர் என்பதற்காக அதன் குறையை மறைப்பது நம் குழந்தைகளுக்கு நாமே செய்யும் தீங்கு.

‘கேழ்வரகே போதும் என்றால் எங்கள் வீட்டுக் குழந்தை ஏன் வளரவில்லை?’ என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. 305 கிராம் கேழ்வரகை நீர்த்த கூழாகக் கரைத்தால் அது பல செம்பு ஆகும். குழந்தையின் வயிறோ அதன் கையளவு. இரண்டு வேளையில் அத்தனையையும் அது குடிக்க முடியாது. ஆகவே குழந்தைக்கு அடிக்கடி, நாளுக்கு நான்கைந்து முறை ஊட்ட வேண்டும். கூழில் ஒரு கரண்டி எண்ணெயும் சிறிது வெல்லமும் வறுத்து இடித்த நிலக்கடலையும் சேர்த்தால், அளவு பெருகாமலே கலோரி பெருகும். 100 கிராம் நிலக்கடலையில் 567 கலோரியும் 25 கிராம் புரதமும் உண்டு. ஆனால் சிறு குழந்தைக்கு முழுக் கடலையைக் கொடுக்கலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து மாவாக்கினால் கஞ்சி அவ்வளவு கெட்டிப்படுவதில்லை. ஒரே கிண்ணத்தில் அதிக மாவைச் சேர்க்க இயலும். முளையில் உண்டாகும் நொதி மாவுச்சத்தைச் சிதைத்து இளக்குவதே இதற்குக் காரணம். நம் பாட்டிமார் முளைகட்டிய தானியத்தை அரைத்து ஊட்டியது வீண் வழக்கம் அன்று.

காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் பட்டினி போடும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. ஏற்கெனவே மெலிந்த குழந்தைக்கு அது ஆபத்து. நோய் பசியைக் குறைக்கிறது. குறைந்த உணவு அடுத்த நோய்க்கு வழிவிடுகிறது. இந்தச் சுழலை அறுக்கத் தூய குடிநீரும் தடுப்பூசியும், நோயின்போதும் நோய் தீர்ந்த பின்னும் இடைவிடாத உணவும் வேண்டும்.

மூன்றாவது ஆராய்ச்சி கண்ணைப் பற்றியது. அந்தி சாய்ந்ததும் குழந்தை தடுமாறினால் மாலைக்கண் என்கிறோம். இது வைட்டமின் ‘ஏ’ குறைவதன் முதல் அறிகுறி. கவனியாது விட்டால் கருவிழி புண்பட்டுப் பார்வையே போய்விடும். இந்த வைட்டமினை ஈரல் பல மாதங்கள் சேமித்து வைக்கும் தன்மை உடையது. அதைப் பயன்படுத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு மருந்தை ஒரே வேளையில் ஊட்டலாம் என்று கோபாலனின் நிலையம் சோதித்துக் காட்டியது. அதன் மேல் 1970-இல் நாடு தழுவிய திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது.

இதில் கவனிக்கத்தக்கது, பின்னாளில் அதே கோபாலன் மேற்கொண்ட நிலை. அவசர காலத்துக்கென்று வகுத்த மருந்தை, குறைபாடு இருப்பவர் இல்லாதவர் என்று பாராமல் எல்லாக் குழந்தைகளுக்கும் என்றென்றும் ஊட்டிக்கொண்டிருப்பது சரியன்று என்று அவர் எதிர்த்தார். நிலையான வழி கீரையும் பழமுமே என்றார். நம் கொல்லையில் நிற்கும் முருங்கையின் இலை 100 கிராமில் வைட்டமின் ‘ஏ’ ஆக மாறும் கரோட்டின் 6,780 மைக்ரோகிராம் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் 440 மில்லிகிராம் உண்டு. தன் கண்டுபிடிப்பையே எல்லை கடந்து பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு தனி நேர்மை வேண்டும்.

அந்த நேர்மையை அவர் மற்றோர் இடத்திலும் காட்டினார். 1980-களின் தொடக்கத்தில் சில பொருளாதார அறிஞர்கள், ஏழைக் குழந்தைகள் உருவத்தில் சிறியவர்களாக இருந்தாலும் நலமாகவே இருக்கிறார்கள். குறைந்த உணவுக்கு உடல் பழகிக்கொள்கிறது என்று வாதிட்டார்கள். கேட்பதற்கு ஆறுதலான வாதம். இதை ஏற்றுக்கொண்டால் அளவுகோலைச் சற்றுத் தாழ்த்தினாலே போதும். சத்துக்குறை உடையவரின் எண்ணிக்கை தாளில் குறைந்துவிடும். ஒரு குழந்தைக்கும் ஒரு பிடி சோறு கூடுதலாகக் கிடைக்காது. கோபாலன் இதைக் கடுமையாக மறுத்தார். வளர்ச்சி குன்றியது வறுமையின் வடு. அதை இயற்கையின் ஏற்பாடு என்று சொல்லலாகாது என்றார். செல்வர் வீட்டுக் குழந்தைக்கு ஓர் அளவுகோல், ஏழை வீட்டுக் குழந்தைக்கு மற்றோர் அளவுகோல் என்று வைப்பதை அவர் ஏற்கவில்லை. நல்ல உணவும் சுகாதாரமும் பெற்ற இந்தியக் குழந்தைகள் மற்ற நாட்டுக் குழந்தைகளைப் போலவே வளர்கின்றன என்பதை ஆராய்ச்சிகள் காட்டியிருந்தன.

தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கி நிற்கவில்லை. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் பகல் உணவுத் திட்டம் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்து பாலர்களையும் எட்டியது. பின்னர் முட்டையும் சேர்ந்தது. அதன் பயனாக நாமக்கல் பண்ணைகளின் முட்டை தமிழ்நாட்டுப் பள்ளிக் குழந்தைகளின் தட்டுக்கு வந்தது. 2022-இல் காலை உணவும் தொடங்கிற்று. குழந்தை பள்ளிக்கு வரும்போது பசியோடு இருக்கலாகாது என்ற ஒரே எண்ணமே இவற்றின் அடிப்படை.

ஆயினும் பள்ளிக்கு வருமுன் கழிந்த முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளை எந்தப் பள்ளி உணவும் திருப்பித் தர இயலாது. குழந்தையின் வளர்ச்சி பெரும்பாலும் தடைப்படுவது அந்த ஆண்டுகளில்தான். அப்போது அது வீட்டில் இருக்கிறது. தாய் கூலி வேலைக்குச் சென்றிருக்கிறாள். அக்காளோ பாட்டியோ பார்த்துக்கொள்கிறார்கள். நான்கைந்து முறை ஊட்ட வேண்டும் என்று சொல்வது எளிது. ஊட்டுவதற்கு ஆளும் நேரமும் வேண்டும். உணவுச் சத்து பற்றிய கேள்வி இறுதியில் தாயின் கூலி, அவள் ஓய்வு, அவள் உடல்நலம் ஆகியவற்றைப் பற்றிய கேள்வியாகவே முடிகிறது. கோபாலன் வறுமையைப் பற்றி ஓயாமல் பேசியதன் காரணம் இதுவே.

டாக்டர் கோபாலன் 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் தமது நூறாவது வயதில் காலமானார். 1987-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 2003-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. அந்தப் பெருமைகளெல்லாம் ஒரு புறம் இருக்கட்டும். அவர் நமக்கு விட்டுச் சென்ற வழி ஒன்று உண்டு. அது மிக எளியது. குழந்தை உண்பதை அளந்து பார். அளந்த பின் பேசு.

நீங்களும் இதைச் செய்யலாம். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இரண்டு வயதுக் குழந்தை இருந்தால், பெரியவர்களின் அனுமதியோடு ஒரு நாள் முழுதும் அது உண்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை உண்டது? ஒவ்வொரு முறையும் எத்தனை கரண்டி? கஞ்சியா, கெட்டிக் களியா? எண்ணெய் சேர்ந்ததா? கீரை சேர்ந்ததா? மாலையில் சத்துப் பட்டியலை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கும் தொகை சில வேளை உங்களைத் திடுக்கிடச் செய்யும். கலம் நிறைந்திருப்பதாகத் தோன்றிய இடத்தில் பாதியே இருந்திருக்கும். மீதிப் பாதியை நிரப்புவதற்குத் தொலைதூரத்திலிருந்து எதுவும் வர வேண்டியதில்லை. பெரும்பாலும் அது உங்கள் வீட்டு அடுக்குப் பானையிலும், கொல்லை முருங்கையிலும், காட்டுக் கடலையிலுமே இருக்கிறது.